கூரை வேலையும் வீட்டுடையார் கடமையும்

கொழும்பு மாநகரிலே, கொள்ளுப்பிட்டிப் பகுதியில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே உள்ள ஒழுங்கைகளுள் ஒன்றிலே பல ஆண்டுகளாக வாழ்ந்து வருபவன் நான். கடற்காற்று வீசும் இடத்திலே குடியிருப்பவனுக்கு வெயிலைப் பற்றி என்ன கவலை என்று உங்களுட் சிலர் கேட்கக்கூடும். அவர்களைச் சித்திரை மாதத்து நடுப்பகற் பொழுதொன்றிலே எங்கள் மேல்மாடி அறைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது என் விருப்பம். அங்கே கடற்காற்று யன்னலுக்கு வெளியேதான் நிற்கும். உள்ளே நிற்பது கூரையிலிருந்து இறங்கும் வெப்பம்.

அந்த அறையிலே என் தாயார் வசித்து வந்தார். எண்பது வயதைக் கடந்தவர். தமக்கென்று எதையும் கேட்டுப் பழகாதவர். ஒருநாள் இரவு பத்து மணிக்கு அவருடைய அறைக்குச் சென்றேன். மின்விசிறி முழு வேகத்திற் சுழன்றுகொண்டிருந்தது. தாயாரோ கட்டிலை விட்டு இறங்கி, சீமெந்துத் தரையிலே ஈரத்துணியை விரித்து அதன்மேற் படுத்திருந்தார். "தம்பி, அடுப்புக்குப் பக்கத்திலை படுத்த மாதிரிக் கிடக்குது" என்றார். அன்றுதான் அந்தக் கூரைக்கு ஏதேனும் செய்தாக வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன்.

அந்த முடிவை நான் எவ்வாறு நிறைவேற்றினேன், எங்கே தவறினேன், அத்தவற்றுக்கு யார் விலை கொடுக்க நேர்ந்தது என்பவற்றை இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

முதலிலே, நம் நாட்டில் வீட்டுக்கு வெப்பம் எவ்வழியாக வருகின்றது என்பதைச் சற்றுச் சிந்திப்போம். கொழும்பு நகரம் நில நடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் அமைந்திருக்கின்றது. ஆதலால் ஆண்டுக்கு இருமுறை, ஏப்பிரல் முதல் வாரத்தின் கடைசியை ஒட்டியும் செப்டெம்பர் முதல் வாரத்திலும், நண்பகற் சூரியன் நம் தலைக்கு நேர் உச்சியிலே நிற்கின்றான். அந்நேரத்திற் சுவர்களின்மேல் வெயில் விழுவதில்லை. விழும் வெயில் அனைத்தையும் கூரையே தாங்குகின்றது. மெல்லிய தகட்டுக் கூரையொன்று அவ்வேளையில் 60 பாகை செல்சியசு வரை சூடேறுதல் அரிதன்று. குளிர் நாட்டார் வீட்டுக்குள்ளிருக்கும் வெப்பம் வெளியே போகாதவாறு சுவருக்கும் கூரைக்கும் காவலிடுகின்றனர். நாமோ வெளியிலுள்ள வெப்பம் உள்ளே இறங்காதவாறு கூரைக்குக் காவலிட வேண்டியவர்களாக இருக்கின்றோம்.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். தடித்த மண்ணோடு, உயர்ந்த முகடு, சூடேறிய காற்று வெளியேற வழி, நடுவிலே திறந்த முற்றம், வெயிலை மறைக்கும் அகன்ற தாவாரம் என்பவை அவர்கள் கண்ட வழிகள். எங்கள் கொள்ளுப்பிட்டியிலேயே இதற்குச் சான்று உண்டு. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா அவர்கள் பகத்தலை வீதியின் 33ஆம் ஒழுங்கையில் தமக்கென அமைத்துக்கொண்ட வீடு இன்றும் இருக்கின்றது. ஈனா த சில்வா அம்மையாருக்காக அவர் 1960களின் தொடக்கத்திலே அல்பிரட் பிளேசில் அமைத்த முற்றத்து வீடு, 2009ஆம் ஆண்டின் பின்னர் ஒவ்வொரு கல்லாகப் பிரித்தெடுக்கப்பட்டு, பெந்தோட்டைக்கு அண்மையிலுள்ள லுணுகங்கையில் மீண்டும் நிறுவப்பட்டது. நெளிதகட்டின்மேல் அரைவட்ட மண்ணோட்டைப் பரப்பும் முறையைப் பரவச் செய்தவரும் அவரே. கீழே உள்ள தகடு மழைநீரைத் தடுக்கும். மேலே உள்ள ஓடு தகட்டுக்கு நிழல் கொடுக்கும். இரண்டுக்கும் இடையில் நிற்கும் காற்று வெப்பத்தைத் தாமதிக்கச் செய்யும்.

பின்னாளில் காணியின் விலை ஏறியது, குடும்பங்கள் பெருகின. பழைய வீடுகளின்மேல் விரைவாக ஒரு மாடி எழுப்பி, அஸ்பெஸ்ரஸ் தகட்டை வேய்ந்து, அதற்கு ஒன்றிரண்டு அடி கீழே மெல்லிய பலகையாற் சீலிங் அடித்துக் குடியேறிவிட்டோம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இத்தகைய மேல்மாடி அறைகள் எத்தனையோ உள்ளன. 2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலும் 2023ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலும் மின்கட்டணம் பெரிதும் உயர்த்தப்பட்ட காலத்திலே, குளிரூட்டியை நம்பியிருந்தவர்களும் கூரையை நிமிர்ந்து பார்க்கத் தொடங்கினர். அவ்வாறு பார்த்தவர்களுள் நானும் ஒருவன்.

எனக்கு ஒரு கொந்தராத்துக்காரர் அறிமுகமானார். இனிமையாகப் பேசுபவர். கூரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சேர், வெள்ளித்தாள் அடிச்சா சரி. ரெண்டு நாள் வேலை. நீங்க ஒண்டும் யோசிக்க வேணாம்" என்றார். யோசிக்க வேண்டாம் என்ற அச்சொல் எனக்குப் பெரிதும் பிடித்திருந்தது. பாடசாலையிலே தவணைப் பரீட்சைக் காலம்; எனக்கோ நேரமில்லை. அவர் கூறிய தொகை குறைவாகவும் இருந்தது. எழுத்திலே எதனையும் பெறாமல், தொகையில் மூன்றில் இரண்டு பங்கை முற்பணமாகக் கொடுத்துவிட்டேன். என்ன விலை என்று கேட்டேன். எப்போது முடியும் என்று கேட்டேன். எதை, எப்படி, யாரைக் கொண்டு செய்வீர் என்று கேட்கவில்லை.

இரண்டாம் நாள் நண்பகலில் ஓர் அலுவலாக வீட்டுக்கு வந்தேன். மேல்மாடியின் ஓரத்திலே சாரத்தின்மேல் நின்று, ஓர் இளைஞன் சுழலும் மின்னரிவாளால் அஸ்பெஸ்ரஸ் தகட்டின் விளிம்பை வெட்டிக்கொண்டிருந்தான். காற்றோட்டத்துக்கு ஒரு துவாரம் அமைப்பதற்காக அந்த வேலை என்று பின்னர் அறிந்தேன். வெண்ணிறப் புழுதி புகைபோல எழுந்து அவனைச் சூழ்ந்திருந்தது. என்னைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்தினான். "சேர், என்னைத் தெரியுதா?" என்றான்.

தெரியாமலா போகும்? இரண்டு ஆண்டுகளுக்கு முன்வரை என் பாடசாலையிலே படித்தவன். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திக்கொண்டவன். அவனுடைய புருவத்திலும் இமையிலும் மா அப்பியதுபோலத் தூசி படிந்திருந்தது. மூக்கையும் வாயையும் மறைக்க ஒரு கைக்குட்டைதானும் இல்லை. அவனோடு நலம் விசாரித்தேன். தேநீர் கொடுக்கச் சொன்னேன். பின்னர் பாடசாலைக்குத் திரும்பிவிட்டேன்.

அன்பர்களே, அந்தத் தூசி யாது என்பதை நான் அறியாதவன் அல்லன். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், எல்லா வகை அஸ்பெஸ்ரசையும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என்னும் முதலாந் தொகுதியிலே வைத்திருக்கின்றது. நீல அஸ்பெஸ்ரஸ் நம் நாட்டில் 1987ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டது. கூரைத் தகடுகளிற் பயன்படும் வெள்ளை அஸ்பெஸ்ரசின் இறக்குமதியையும் 2018ஆம் ஆண்டு முதல் கட்டுப்படுத்துவதென அரசாங்கம் முன்னர் முடிவு செய்திருந்தது. 2017ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே, நமது தேயிலைப் பொதி ஒன்றில் வண்டு கண்டதாகக் கூறி ரஷ்யா தேயிலை இறக்குமதியை நிறுத்தியது. அதனை அடுத்து அத்தடை தளர்த்தப்பட்டது. இவற்றையெல்லாம் அக்காலத்துச் செய்தித்தாள்களிலே படித்தவன்தான் நான். கூரையிலே முழுதாக, அசையாமல் இருக்கும் தகட்டினால் உடனே பெருந்தீங்கு இல்லை. அதனை வெட்டும்போதும், துளைக்கும்போதும், உரஞ்சும்போதும், உடைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழைகள் எழுந்து நுரையீரலுக்குட் செல்கின்றன. இதனையும் அறிந்தே இருந்தேன். அறிந்திருந்தும், வேலை அன்றே முடியவேண்டும், மழை வருமுன் முடியவேண்டும் என்ற எண்ணத்தினால் வாய் திறவாதிருந்தேன்.

வேலை முடிந்தது. எஞ்சிய பணத்தையும் கொடுத்தேன். அடுத்த வெயிலிலே அறைக்குச் சென்று பார்த்தேன். சூடு முன்பிருந்தபடியே இருந்தது.

காரணத்தை எங்கள் பாடசாலை விஞ்ஞான ஆசிரியர் வந்து பார்த்து விளக்கினார். நான் கலைப் பட்டதாரி. ஆயினும் அவர் விளக்கம் எனக்கு எளிதில் விளங்கிற்று. வெப்பம் கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் என்னும் மூன்று வழிகளாற் பரவுகின்றது. சூடேறிய கூரையிலிருந்து கீழ்நோக்கி வரும் வெப்பத்தின் பெரும்பகுதி கதிர்வீசலால் வருவது. பளபளப்பான அலுமினியத் தாள் தன்மீது படும் வெப்பக் கதிரில் நூற்றுக்கு ஐந்து பங்களவையே ஏற்கும். தான் சூடேறினாலும் அந்த அளவிலேயே கதிர் வீசும். அதன் சிறப்பு அதுவே. ஆனால் இச்சிறப்பு வெளிப்பட வேண்டுமாயின், தாளின் ஒரு பக்கத்திலாவது காற்றிடைவெளி இருத்தல் வேண்டும். ஓரங்குலமேனும் இருந்தால் நன்று. எங்கள் வீட்டிலே இடத்தை மீதப்படுத்துவதற்காகச் சீலிங்கை உயர்த்தி, தாளைத் தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி சிறிதுமின்றி இறுக்கி ஆணி அடித்திருந்தார்கள். இருபுறமும் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம் வெறும் உலோகமே. அது வெப்பத்தைத் தடுப்பதில்லை, கடத்திவிடுகின்றது. அவசரமாகப் பொருத்திய தாள் அழகாக மின்னிக்கொண்டிருந்தது. அதனால் விளைந்த பயன் அவ்வளவே.

ஆக, என் பணம் வீணாயிற்று. அதனை மறந்துவிடலாம். மறக்க முடியாதது வேறு. அஸ்பெஸ்ரஸ் தூசியினால் வரும் நோய்கள் பெரும்பாலும் இருபது முதல் நாற்பது ஆண்டுகளின் பின்னரே வெளிப்படுபவை. பயனற்றுப்போன ஒரு வேலைக்காக அந்த இளைஞன் உட்கொண்ட தூசிக்குரிய விடை, அவன் என் வயதை அடையும்பொழுதுதான் தெரியவரும். அப்போது அவனுக்கு விடை சொல்ல நான் இருக்கமாட்டேன்.

இத்தகைய தவறு நமக்கு மட்டும் உரியதன்று. 2009ஆம் ஆண்டிலே அவுஸ்திரேலிய அரசாங்கம், வீடுகளின் கூரைக்குள் வெப்பக் காவலிடுவதற்குப் பெருந்தொகையான உதவிப் பணத்தை அறிவித்தது. நல்ல நோக்கந்தான். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் வேலை நடந்தது. அவ்வளவு வேலைக்குப் பழகிய ஆட்கள் இல்லை. பயிற்சி இல்லாத இளைஞர்கள் கூரைக்குள் அனுப்பப்பட்டார்கள். நால்வர் உயிரிழந்தனர். மூவர் மின்சாரம் தாக்கியும், ஒருவர் கடும் வெப்பத்தினாலும் இறந்தனர். அந்த மூவருள் ஒருவனுக்கு வயது 16. அலுமினியத் தாளைப் பொருத்த அடித்த உலோக ஆணி மின்கம்பியிற் பாய்ந்தால், தாள் முழுவதும் மின்னோட்டம் பரவும். 2010ஆம் ஆண்டு பெப்ரவரியிலே அத்திட்டம் நிறுத்தப்பட்டது. 2014ஆம் ஆண்டிலே அரச விசாரணை ஆணைக்குழு ஒன்று இதனை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. ஆணைக்குழுவும் அதிகாரிகளும் உள்ள நாட்டிலேயே அவ்வாறாயின், வாய்ச்சொல்லை நம்பி வேலை கொடுக்கும் நாம் எவ்வளவு விழிப்பாக இருத்தல் வேண்டும்!

எனவே, கூரை வேலைக்கு ஆளமர்த்த எண்ணும் நேயர்களுக்குச் சிலவற்றைக் கூற விரும்புகின்றேன்.

முதலாவது, தேவையை அறியுங்கள். கூரைக்கு நேர் கீழே உள்ள அறைக்கே இவ்வேலை பயன்படும். அடுக்குமாடியின் நடுத்தட்டிலே இருப்பவருக்கு இதனாற் பயனில்லை. மேற்கு யன்னலால் வரும் மாலை வெயிலைக் கூரைக் காவல் தடுக்காது. கடலோரக் காற்றின் ஈரப்பதத்தையும் அது குறைக்காது. ஆதலால் மின்விசிறி இருந்தே தீரும். சிலவேளை கூரைக்கு வெண்ணிற வெப்பந்தடுக்கும் பூச்சு ஒன்றே போதுமானதாகலாம். ஆனால் அஸ்பெஸ்ரஸ் கூரையாயின், பூச்சுக்கு முன் அதனை உரஞ்சிக் கழுவவும் வேண்டாம், வேகமான நீர்த்தாரையைப் பாய்ச்சவும் வேண்டாம்.

இரண்டாவது, ஒழுக்கை முதலில் அடையுங்கள். கண்ணாடிப் பஞ்சு போன்ற பொருள்கள் தம்முள் அடங்கிய காற்றினாலேயே வெப்பத்தைத் தடுக்கின்றன. அவை நனைந்தாற் பயன் கெடும். கொழும்பிலே சனவரி, பெப்ரவரி மாதங்கள் மழை குறைந்தவை. இவ்வேலைக்கு ஏற்ற காலம் அதுவே. கடலோர வீடுகளிலே சாதாரண இரும்பாணி விரைவில் துருப்பிடிக்கும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

மூன்றாவது, குறைந்தது மூவரிடம் எழுத்திலே விலை கேளுங்கள். எத்தனை சதுர அடி, என்ன பொருள், அதன் தடிப்பு எவ்வளவு, காற்றிடைவெளி எவ்வளவு, குப்பையை அகற்றுவது யார் என்பவை அதில் இருத்தல் வேண்டும். விலை மட்டும் எழுதிய கடதாசி போதாது. அவர் முன்னர் செய்த வீடொன்றுக்குச் சென்று, நண்பகலிலே அந்த அறையில் ஐந்து நிமிடம் அமர்ந்து பாருங்கள். அதனைவிட நல்ல நற்சான்றுப் பத்திரம் இல்லை. பெரிய வேலையாயின், 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையிலே அவர் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். வேலையாட்களிடம் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் உண்டா என்றும் விசாரியுங்கள்.

நான்காவது, பணத்தைப் பகுதி பகுதியாகக் கொடுங்கள். பொருளை இயன்றால் நீங்களே வாங்கிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பத்திலொரு பங்கை, ஒரு மழையும் ஒரு வெயிலும் கண்ட பின்னரே கொடுப்பதென எழுதிக்கொள்ளுங்கள். நேர்மையான தொழிலாளர் இதற்குக் கோபிக்கமாட்டார். பிணக்கு ஏற்படின், உங்கள் பகுதியிலுள்ள மத்தியஸ்த சபையை நாடலாம்.

ஐந்தாவது, இதுவே முதலாவதாக இருக்கத்தக்கது. கூரைக்கு ஏறுபவர் யார், அவருக்கு என்ன பாதுகாப்பு என்று கேளுங்கள். கூரைக்குள் ஆணி அடிக்குமுன் வீட்டின் பிரதான மின்னாளியை நிறுத்தச் செய்யுங்கள். எலி கடித்த பழைய கம்பிகளை மின்வினைஞர் ஒருவரைக் கொண்டு பார்வையிடச் செய்யுங்கள். அஸ்பெஸ்ரஸ் தகட்டை வெட்டாமலே வேலையை முடிக்க வழியுண்டா என்று ஆராயுங்கள். வெட்டாதிருப்பதே தலையாய காவல். தொட்டே ஆகவேண்டுமாயின், நீரால் நனைத்து, இயந்திரத்தை விடுத்துக் கைக்கருவியாற் செய்விக்க வேண்டும். முகத்தோடு இறுகப் பொருந்தும் நுண்துகள் வடிகவசம் அணிவிக்க வேண்டும், துணித்துண்டு போதாது. துண்டுகளைத் தடித்த பொலித்தீனிற் சுற்றிக் கட்டி வைத்து, அகற்றும் முறையைப் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். இதற்கெல்லாம் மேலதிகச் செலவு ஆகும். அச்செலவைத் தவிர்த்துக் கிடைக்கும் மலிவு, இன்னொருவருடைய மூச்சிலிருந்து எடுக்கப்படும் மலிவு.

எங்கள் கூரைக்கு மறுபடியும் வேலை செய்வித்தோம். இம்முறை வந்தவர் அதிகம் பேசவில்லை. அவரே என்னிடம் பல கேள்விகள் கேட்டார். தகட்டை அவர் தொடவே இல்லை. சீலிங்கைப் பழைய உயரத்துக்குக் கீழிறக்கி, தாளைத் தகட்டினின்றும் விலக்கிக் கட்டி, பலகையின்மேற் கண்ணாடிப் பஞ்சைப் பரப்பினார். அறை குளிர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆயினும் என் தாயார் இப்போது கட்டிலிலே படுத்து உறங்குகின்றார்.

அந்த இளைஞனை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருமாறு சொல்லியனுப்பினேன். வந்தான். தூசியைப் பற்றிச் சொன்னேன். அன்று சொல்லாதது என் பிழை என்பதையும் சொன்னேன். அவன் சிரித்தான். "எல்லாரும் இப்படித்தான் சேர் வெட்டுறாங்க. மாஸ்க் கேட்டா, அடுத்த நாள் வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க" என்றான்.

அன்பர்களே, அந்த வாக்கியத்திலே இருக்கின்றது முழுப் பிரச்சினையும். அவன் கேட்டால் வேலை போகும். நாம் கேட்டால் நமக்கு எதுவும் போகாது. பணம் கொடுப்பவர் நாம். ஆதலாற் கேட்க வேண்டியவரும் நாமே. கொந்தராத்துக் கொடுக்கும்போது நாம் வேலையைத்தான் ஒப்படைக்கின்றோம், பொறுப்பை ஒப்படைப்பதில்லை. நம் வீட்டுக் கூரையின்மேல் ஒருவர் ஏறி நிற்கும் நேரமெல்லாம், அவர் நம் வீட்டாருள் ஒருவரே.

அவனுக்கு ஒரு வடிகவசம் வாங்கிக் கொடுத்தனுப்பினேன். அதை அணிய அவனுக்கு இடங்கொடுக்கும் வீட்டுடையார், இன்று இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுள் ஒருவராக இருக்கட்டும்.